கணினித் திரையின் காவலற்ற வாசல்: ஆக்லாந்தில் ஒலித்த எச்சரிக்கைகள்

2003 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 15 ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட பாதுகாப்பு அறிவிப்புகளில் ஒன்று, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவருக்கு நன்றி தெரிவித்திருந்தது. அவர் பெயர் பிரெட் மூர். செக்யூரிட்டி அசெஸ்மென்ட் டாட் காம் என்ற நிறுவனத்தில் அவர் அப்போது பணியாற்றி வந்தார்.

அவர் சுட்டிக்காட்டிய குறைபாடு இணையத்தின் வழியாக வரும் வைரஸ் பற்றியது அல்ல. திரையில் தோன்றும் பட்டியல் பெட்டி போன்ற மிகச் சாதாரணமான பாகங்களைக் கொண்டே, சாதாரண உரிமை மட்டும் உள்ள ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்பதே அவருடைய கண்டுபிடிப்பு.

அதற்குப் பின் இரண்டு தசாப்தங்கள் கடந்துவிட்டன. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு எழுப்பிய கேள்வி இன்னும் முழுமையாகத் தீரவில்லை. ஒரே திரையில் அருகருகே திறந்திருக்கும் இரண்டு சாளரங்களில் ஒன்று மற்றொன்றை வேவு பார்க்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, குடிவரவு விண்ணப்பம், உறவினருடனான அந்தரங்க உரையாடல் என அனைத்தையும் ஒரே கணினியில் கையாளும் எவருக்கும் இது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல.

திரைக்குப் பின்னால்

கணினியில் இயங்கும் மென்பொருள்கள் தாமாகவே திரையில் எழுதுவதில்லை. அவற்றுக்கும் திரைக்கும் இடையில் ஓர் இடைத்தரகர் இருக்கிறார். எந்தச் சாளரம் எங்கே தோன்ற வேண்டும், எது மேலே, எது கீழே, பயனாளர் அழுத்திய விசை எந்தச் சாளரத்தைச் சென்றடைய வேண்டும் என்பதையெல்லாம் அந்த இடைத்தரகரே தீர்மானிக்கிறார்.

லினக்ஸ் மற்றும் யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் இந்தப் பணியைச் செய்யும் மென்பொருள் 'திரை வழங்கி' என்று அழைக்கப்படுகிறது. விண்டோஸில் இதே பணி இயங்குதளத்தின் உள்ளேயே பின்னிப் பிணைந்திருக்கிறது.

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாளியுடன் இந்த மென்பொருளை ஒப்பிடலாம். எல்லாக் கடிதங்களும் அவர் கை வழியாகவே செல்கின்றன. எல்லா வீடுகளின் சாவிகளும் அவரிடம் இருக்கின்றன. அவர் ஏமாற்றப்பட்டால், ஒவ்வொரு வீட்டின் பூட்டும் எவ்வளவு உறுதியானது என்பதில் பொருள் இல்லை.

இந்தக் காவலாளிகள் உருவாக்கப்பட்ட காலத்தில், கட்டடத்தில் குடியிருக்கும் அனைவரும் ஒருவரை ஒருவர் நம்பக்கூடியவர்கள் என்று கருதப்பட்டது. பிற்காலத்தில் எழுந்த சிக்கல்கள் பலவற்றின் வேர் அந்த அனுமானத்தில் இருக்கிறது.

செய்தியைக் கொண்டே தாக்குதல்

விண்டோஸில் சாளரங்கள் 'செய்திகள்' மூலமாக இயங்குகின்றன. பொத்தான் அழுத்தப்பட்டது, எழுத்து ஒன்று தட்டப்பட்டது, சாளரத்தை மீண்டும் வரைய வேண்டும் என்ற தகவல்கள் யாவும் செய்திகளாகவே அனுப்பப்படுகின்றன. ஒரு மென்பொருளின் சாளரத்துக்கு வேறொரு மென்பொருளும் செய்தி அனுப்பலாம். அதைப் பெறும் சாளரத்துக்கு, அனுப்பியவர் யார் என்பதை அறியும் வழி இருக்கவில்லை.

இந்த நிலை எவ்வளவு ஆபத்தானது என்பதை 2002 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பிரிட்டிஷ் ஆய்வாளர் கிறிஸ்டின் பேஜட் வெளியிட்ட கட்டுரை உலகுக்கு உணர்த்தியது. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் போன்றவை கணினியின் உச்ச அதிகாரத்துடன் இயங்குபவை. ஆனால் அவற்றின் சாளரம், சாதாரணப் பயனாளரின் திரையிலேயே தோன்றுகிறது.

அந்தச் சாளரத்தில் உள்ள எழுத்துப் பெட்டிக்குள் தீங்கான நிரல் ஒன்றை ஒட்டிவிட்டு, பின்னர் நேரக் கணிப்பு தொடர்பான ஒரு செய்தியை அனுப்பி அந்த நிரலை இயங்கச் செய்ய முடியும் என்று பேஜட் காட்டினார். இவ்வகைத் தாக்குதலுக்கு 'ஷாட்டர்', அதாவது நொறுக்கும் தாக்குதல் என்ற பெயர் நிலைத்தது.

குறிப்பிட்ட அந்தச் செய்திக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2002 டிசம்பரில் வெளியிட்டது. அத்துடன் பிரச்சனை முடிந்துவிட்டதாகப் பலரும் கருதினர். அது முடியவில்லை என்பதை நிரூபித்தவர்களில் பிரெட் மூர் முக்கியமானவர்.

2003 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரைகள், ஒரு செய்தியை அடைத்தாலும் வேறு பல செய்திகள் திறந்தே கிடக்கின்றன என்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டின. அவற்றுள் முன்னேற்றப் பட்டை பற்றிய உதாரணம் குறிப்பிடத்தக்கது.

கோப்பு ஒன்று எத்தனை சதவீதம் நகலெடுக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் அந்தப் பட்டையை அறியாதவர் இல்லை. அதன் தொடக்க எண், முடிவு எண் ஆகியவற்றை ஒரு செய்தி மூலம் மாற்றலாம். மற்றொரு செய்தி மூலம், அந்த எண்களைக் குறிப்பிட்ட நினைவக முகவரி ஒன்றில் எழுதித் தருமாறு கேட்கலாம். அந்த முகவரி முறையானதுதானா என்று பட்டை சரிபார்ப்பதில்லை.

அதாவது, எதை எழுத வேண்டும் என்பதையும், எங்கே எழுத வேண்டும் என்பதையும் தாக்குபவரே தீர்மானிக்கலாம். உயர் அதிகாரத்துடன் இயங்கும் மென்பொருள் ஒன்றின் நினைவகத்தைச் சிறிது சிறிதாக மாற்றி எழுத, சதவீதம் காட்டும் ஒரு பட்டை போதுமானதாக இருந்தது.

2003 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் திருத்தியது பட்டியல் பெட்டி தொடர்பான குறைபாட்டை. விண்டோஸ் 2000 இல் மாற்றுத் திறனாளிகளுக்கு உதவும் கருவிகளை நிர்வகிக்கும் 'யுடிலிட்டி மேனேஜர்' என்ற மென்பொருள் உயர் அதிகாரத்துடன் இயங்கியது. அதன் சாளரத்தில் இருந்த பட்டியலே நுழைவாயில் ஆகக்கூடிய நிலை இருந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற பிளாக் ஹேட் மாநாட்டிலும் மூர் இந்த ஆய்வை விளக்கினார்.

குறையா, கொள்கையா?

இந்தச் சர்ச்சையில் மைக்ரோசாஃப்ட் முன்வைத்த வாதம் கவனிக்கத்தக்கது. உயர் அதிகாரம் கொண்ட மென்பொருள்கள் சாதாரணப் பயனாளரின் திரையில் சாளரம் திறக்கக் கூடாது என்பதே விதி, அதை மீறிய மென்பொருள்களிடமே தவறு உள்ளது என்று அந்நிறுவனம் கூறியது.

ஆனால், விதியை மீறியவர்களில் மைக்ரோசாஃப்டின் சொந்த மென்பொருளும் அடக்கம் என்பதை யுடிலிட்டி மேனேஜர் விவகாரம் காட்டியது. அடிப்படை வடிவமைப்பையே மாற்றாமல், ஒவ்வொரு செய்தியாக அடைத்துக் கொண்டிருப்பது முடிவற்ற வேலை என்பது தெளிவானது.

2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் அந்த மாற்றம் வந்தது. குறைந்த நம்பிக்கைத் தரம் கொண்ட மென்பொருள், உயர்ந்த தரம் கொண்ட மென்பொருளின் சாளரத்துக்குத் தான் விரும்பிய செய்திகளை அனுப்புவது தடுக்கப்பட்டது. பின்னணியில் இயங்கும் சேவைகள், பயனாளரின் திரையில் இருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டன.

எனினும் ஒரே தரத்தில் இயங்கும் இரண்டு மென்பொருள்களுக்கு இடையே இந்தத் தடுப்பு இல்லை. தவிர, 1996 இல் வெளியான விண்டோஸ் என்.டி. 4.0 முதல், வேகம் கருதி, சாளரங்களை நிர்வகிக்கும் பகுதி இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள்ளேயே வைக்கப்பட்டது. அதில் ஏற்படும் ஒரு பிழை முழுக் கணினியையும் திறந்துவிடக்கூடும்.

2011 இல் கண்டறியப்பட்ட 'டூக்கு' என்ற வேவு மென்பொருள் இதற்கு உதாரணம். வேர்ட் ஆவணம் ஒன்றுக்குள் வைக்கப்பட்டிருந்த எழுத்துரு ஒன்றின் மூலம் அது கணினிக்குள் நுழைந்தது. எழுத்துருவைப் படிக்கும் பணி கெர்னலில் நடைபெற்றதால், அந்த ஆவணத்தைத் திறந்ததுமே கணினியின் உச்ச அதிகாரம் கைமாறியது.

எக்ஸ்: நம்பிக்கையின் மீது கட்டப்பட்ட அமைப்பு

விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நம்பியவர்கள் பலர். ஆனால் இந்த ஒரு விடயத்தில் லினக்ஸின் நிலை நீண்ட காலம் மேலும் பலவீனமாகவே இருந்தது.

எக்ஸ் விண்டோ சிஸ்டம் என்ற அமைப்பு 1984 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாப் ஷீஃப்லர், ஜிம் கெட்டிஸ் ஆகியோரால் தொடங்கப்பட்டது. எக்ஸ் 11 என்ற அதன் பதினோராவது பதிப்பு 1987 செப்டம்பரில் வெளியானது. 2004 முதல் எக்ஸ்.ஆர்க் என்ற அமைப்பு அதைப் பராமரித்து வருகிறது.

பல்கலைக்கழகக் கணினிகளுக்காக உருவான இந்த அமைப்பில், திரை வழங்கியுடன் இணைய அனுமதி பெற்ற மென்பொருள் எதுவும் ஏறத்தாழ எதையும் செய்யலாம். மற்றொரு சாளரத்தில் தட்டப்படும் விசைகளைப் படிக்கலாம். திரை முழுவதையும் படம் எடுக்கலாம். பயனாளர் தட்டியது போலவே பொய்யான விசை அழுத்தங்களை அனுப்பலாம்.

2011 ஆம் ஆண்டில் போலந்து நாட்டு ஆய்வாளர் யோவானா ருட்கோவ்ஸ்கா இதை எளிமையாக விளக்கினார். லினக்ஸுடன் வழக்கமாகக் கிடைக்கும் ஒரு சிறு கருவியை ஒரு சாளரத்தில் இயக்கிவிட்டு, மற்றொரு சாளரத்தில் நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தட்டினால், ஒவ்வொரு விசையும் முதல் சாளரத்தில் பதிவாகிறது. இதற்கு எந்தப் பிழையும் தேவையில்லை. அமைப்பு வடிவமைக்கப்பட்டபடியே இயங்கிக் கொண்டிருந்தது.

இந்த ஆபத்து எக்ஸ் அமைப்பை உருவாக்கியவர்களுக்குத் தெரியாதது அல்ல. நம்பத்தக்க மென்பொருள், நம்பத்தகாத மென்பொருள் என்று வேறுபடுத்தும் ஒரு நீட்சி 1996 இலேயே சேர்க்கப்பட்டது. ஆனால் அதைப் பயன்படுத்தியபோது வழக்கமான மென்பொருள்கள் பல ஒழுங்காக இயங்க மறுத்தன. எனவே அது பெரும்பாலும் கைவிடப்பட்ட நிலையிலேயே இருந்தது.

பழைய நிரல், புதிய ஆபத்து

வடிவமைப்புக் குறை ஒருபுறம் இருக்க, எக்ஸ் வழங்கியின் நிரலில் இருந்த பிழைகள் மற்றொரு கவலையாக அமைந்தன. திரைக்கான வன்பொருளை நேரடியாகக் கையாள வேண்டியிருந்ததால், எக்ஸ் வழங்கி நீண்ட காலம் 'ரூட்' எனப்படும் உச்ச அதிகாரத்துடனேயே இயங்கியது. ஆகவே அதில் இருந்த சிறு தவறும் பெரும் விளைவை ஏற்படுத்தியது.

2006 மார்ச் மாதத்தில் வெளியான அறிவிப்பு ஒன்று இதை உணர்த்தியது. பயனாளருக்கு உச்ச அதிகாரம் உள்ளதா என்று சோதிக்கும் இடத்தில், நிரலை எழுதியவர் ஒரு சோடி அடைப்புக்குறிகளை விட்டுவிட்டார். அதனால் அந்தச் சோதனை சோதனையாகவே இயங்கவில்லை. கணினியில் கணக்கு வைத்திருந்த எவரும் ரூட் அதிகாரத்தைப் பெறும் நிலை உருவானது.

அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் நிதியுதவியுடன் கவரிட்டி நிறுவனம் மேற்கொண்ட தானியங்கிச் சோதனையிலேயே அந்தத் தவறு கண்டறியப்பட்டது.

2014 ஜனவரியில் எழுத்துருக் கோப்புகளைப் படிக்கும் பகுதியில் ஒரு பிழை அறிவிக்கப்பட்டது. அது 1991 ஆம் ஆண்டு முதல் அங்கே இருந்து வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல், எவரும் அதைக் கவனிக்கவில்லை.

அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், 2013 டிசம்பர் இறுதியில், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்த மாநாட்டில் இல்யா வான் ஸ்ப்ருண்டல் என்ற ஆய்வாளர், சில மாதங்களில் எக்ஸ் வழங்கியில் 120 பிழைகளைக் கண்டதாகவும், தேடல் இன்னும் முடியவில்லை என்றும் கூறியிருந்தார்.

அவர் கண்டறிந்தவற்றில் ஒரு தொகுதியை எக்ஸ்.ஆர்க் 2014 டிசம்பர் 9 ஆம் தேதி பகிரங்கப்படுத்தியது. அவற்றுள் சில, 1987 ஆம் ஆண்டின் முதல் வெளியீட்டிலேயே இருந்தவை.

மூல நிரல் அனைவருக்கும் திறந்திருப்பதால் பிழைகள் விரைவில் கண்டறியப்படும் என்ற வாதம் திறமூல மென்பொருள் ஆதரவாளர்களிடையே பிரபலம். படிக்க முடியும் என்பதும், யாராவது உண்மையில் படிக்கிறார்கள் என்பதும் வேறு வேறு என்பதை இந்தச் சம்பவங்கள் உணர்த்தின.

எப்போது வெளியிடுவது?

இந்த அறிவிப்பு வெளியாகி ஐந்து வாரங்களில், உலகின் லினக்ஸ் வல்லுநர்கள் பலர் ஆக்லாந்தில் கூடினர். 2015 ஜனவரி நடுப்பகுதியில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் லினக்ஸ் டாட் கான்ஃப் டாட் ஏயூ என்ற வருடாந்தர மாநாடு நடைபெற்றது. லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதில் கலந்து கொண்டு கேள்விகளுக்குப் பதிலளித்தார்.

அப்போது ஒரு சர்ச்சை சூடாக இருந்தது. விண்டோஸ் 8.1 இல் தான் கண்டறிந்த குறைபாடு ஒன்றை, 90 நாள் கெடு முடிந்ததும் கூகுள் நிறுவனம் வெளியிட்டுவிட்டது. திருத்தம் இரண்டு நாட்களில் வரவிருந்த நிலையில் அவ்வாறு வெளியிட்டது பயனாளர்களை ஆபத்துக்கு உள்ளாக்கியது என்று மைக்ரோசாஃப்ட் குற்றஞ்சாட்டியது.

பாதுகாப்புக் குறைபாடுகளை நியாயமான கால அவகாசத்துக்குள் வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்பது ஆக்லாந்தில் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கருத்து. லினக்ஸ் கெர்னலைப் பொறுத்தவரை அப்போது அந்த அவகாசம் ஐந்து வேலை நாட்களாகவே இருந்தது. வேறு திட்டங்களுக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ தேவைப்படலாம், ஆயினும் பல ஆண்டுகள் மௌனம் காத்த முந்தைய வழக்கத்தை விட அது மேலானது என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஆனால் யாருக்கு முன்கூட்டித் தெரிவிப்பது என்ற மற்றொரு கேள்வியும் இதில் உண்டு. 2018 அக்டோபரில் அது எழுந்தது. இந்தியாவைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் நரேந்திர ஷிண்டே, எக்ஸ் வழங்கியின் பதிவுக் கோப்பு எங்கே எழுதப்பட வேண்டும் என்று குறிப்பிடும் வசதியில் குறைபாடு ஒன்றைக் கண்டறிந்தார்.

அந்த வசதியைக் கொண்டு, கணினியின் கடவுச்சொல் விவரங்கள் உள்ள கோப்பின் மீதே புதிய விவரங்களை எழுதிவிட முடிந்தது. இதற்கான கட்டளை, ஒரு ட்விட்டர் பதிவுக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியதாக இருந்தது.

பாதுகாப்புக்குப் பெயர் பெற்ற ஓப்பன் பி.எஸ்.டி. இயங்குதளமும் பாதிக்கப்பட்டது. பெரிய லினக்ஸ் நிறுவனங்களுக்கு முன்கூட்டித் தகவல் தரப்பட்ட போதிலும் தமக்குத் தரப்படவில்லை என்று அதன் தலைவர் தியோ டி ராட் அதிருப்தி தெரிவித்தார். குறைபாடு வெளியாவதற்கு ஒரு வாரம் முன்னர்தான் ஓப்பன் பி.எஸ்.டி.யின் புதிய பதிப்பு வெளியாகியிருந்தது.

கணினிப் பாதுகாப்பு என்பது நிரல் பற்றியது மட்டுமல்ல, தகவல் யாரிடம் எப்போது சென்று சேர்கிறது என்ற அதிகாரப் பகிர்வு பற்றியதும் கூட என்பதை இது எடுத்துக் காட்டியது.

வேலண்ட்: புதிய காவலாளி

எக்ஸ் அமைப்பைத் திருத்துவதைக் காட்டிலும் மாற்றுவதே நல்லது என்ற எண்ணம் அதைப் பராமரித்தவர்களிடையே வலுத்தது. 2008 இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பர்க் என்ற நிரலாளர் தொடங்கிய வேலண்ட் என்ற திட்டம் அதன் விளைவே. அதன் 1.0 பதிப்பு 2012 அக்டோபரில் வெளியானது.

வேலண்டில் ஒரு மென்பொருள் தன் சாளரத்தை மட்டுமே அறியும். பயனாளர் தட்டும் விசை, அப்போது முன்னால் உள்ள சாளரத்துக்கு மட்டுமே செல்லும். திரையைப் படம் எடுக்க விரும்பும் மென்பொருள், பொதுவாகப் பயனாளரின் அனுமதியைக் கேட்டே எடுக்க முடியும்.

2016 இல் ஃபெடோரா 25, 2021 இல் உபுண்டு 21.04 ஆகியவை வேலண்டை இயல்பான தெரிவாக ஏற்றன. 2025 அக்டோபரில் வெளியான உபுண்டு 25.10 இன் முதன்மைப் பதிப்பில், பழைய எக்ஸ் அமர்வைத் தெரிவு செய்யும் வசதியே அகற்றப்பட்டது.

ஆனால் பழைய காவலாளி முழுமையாக ஓய்வு பெறவில்லை. பழைய மென்பொருள்களை இயக்குவதற்காக, எக்ஸ்வேலண்ட் என்ற பெயரில் எக்ஸ் வழங்கியின் ஒரு வடிவம் வேலண்டுக்கு உள்ளேயே இயங்குகிறது. எக்ஸ் வழங்கியிலும் எக்ஸ்வேலண்டிலும் உள்ள குறைபாடுகளுக்காக 2025 இல் பிப்ரவரி, ஜூன், அக்டோபர் ஆகிய மாதங்களில் பாதுகாப்பு அறிவிப்புகள் வெளியாகின.

வேலண்ட் சகல நோய்க்கும் மருந்தும் அல்ல. பயனாளரின் பெயரில் இயங்கும் தீய மென்பொருள் அவருடைய கோப்புகளைத் திருத்த முடிந்தால், திரையைக் காப்பது மட்டும் போதாது. மென்பொருள்களைத் தனித்தனி அறைகளில் அடைத்து இயக்கும் முறையும் சேர்ந்தால்தான் அந்தப் பாதுகாப்பு முழுமை பெறும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களின் சிக்கல்

தமிழ்ப் பயனாளர்களைப் பொறுத்தவரை, இந்த விவகாரத்துக்கு மற்றொரு முகமும் உண்டு.

ஆங்கில விசைப்பலகையில் தமிழ் எழுத உதவும் மென்பொருள்கள் உலகத் தமிழரின் கணினி வாழ்வில் முக்கிய இடம் பெற்றவை. முரசு அஞ்சல், இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற பெயர்கள் பலருக்கும் பரிச்சயமானவை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையும் இத்தகைய மென்பொருள்கள் வழியாகவே பரவியது.

பயனாளர் எந்தச் சாளரத்தில் எழுதினாலும், 'அம்மா' என்று தமிழில் தோன்ற வேண்டுமானால், அவர் அழுத்தும் ஆங்கில விசைகளை ஒரு மென்பொருள் இடைமறித்து, தமிழ் எழுத்துகளாக மாற்றி, அந்தச் சாளரத்துக்கு அனுப்ப வேண்டும். கடவுச்சொற்களைத் திருடும் வேவு மென்பொருளும் ஏறத்தாழ இதே வாசல் வழியாகவே நுழைகிறது. ஒன்று விசையை மாற்றித் தருகிறது, மற்றொன்று குறித்து வைத்துக் கொள்கிறது என்பதே வேறுபாடு.

சாளரங்களுக்கு இடையில் சுவர் எழுப்பப்படும்போது இரண்டுமே தடுக்கப்படும். ஆகவே உள்ளீட்டு மென்பொருள்களுக்கு என்று முறையான, தனியான ஒரு வழி தேவை. வேலண்டில் அந்த வழி உருவாகி நிலைபெறக் காலம் பிடித்தது. தமிழ் மட்டுமன்றி சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய மொழிகளில் எழுதுவோரும் இந்த இடைக்காலச் சிரமத்தைச் சந்தித்தனர். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்களும் இதே சிக்கலுக்கு உள்ளாயின.

ஆங்கிலம் மட்டும் எழுதும் ஒருவருக்கு இழப்பில்லாமல் கிடைக்கும் பாதுகாப்பு, வேறு மொழியில் எழுதுபவருக்கு ஒரு விலையுடன் வருகிறது. அந்த விலை என்ன என்பதை வடிவமைப்பாளர்களுக்கு எடுத்துச் சொல்ல, அந்தந்த மொழியினரே முன்வர வேண்டியிருக்கிறது.

இந்தியாவில், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் 2007 முதல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான வசதிகளுடன் வெளிவந்து கொண்டிருக்கிறது. உள்நாட்டில் தொகுக்கப்படும் இயங்குதளமானாலும், அதன் திரை வழங்கி உலகம் முழுவதும் பகிரப்படும் அதே நிரல்தான். எக்ஸ் வழங்கியில் பிழை கண்டறியப்பட்டால், திருத்தம் அதன் பயனாளர்களையும் உரிய நேரத்தில் சென்றடைய வேண்டும்.

கைபேசியில்

கணினியை விடக் கைபேசியையே அதிகம் பயன்படுத்தும் காலம் இது. ஆண்ட்ராய்டு, வடிவமைப்பிலேயே மென்பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. எனினும், மற்ற மென்பொருள்களின் மேல் படிந்து தோன்றுவதற்கான அனுமதியும், மாற்றுத் திறனாளிகளுக்கான அணுகல் வசதி அனுமதியும் ஒரே மென்பொருளுக்குக் கிடைத்தால், பயனாளர் அறியாமலேயே அவர் தட்டுவதைப் படிக்க முடியும் என்று 2017 இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினர்.

ஆப்பிள் நிறுவனம் 2019 இல் வெளியிட்ட மேக் ஓ.எஸ். கேட்டலினா முதல், திரையைப் பதிவு செய்யவோ, பிற மென்பொருள்களில் தட்டப்படும் விசைகளைக் கவனிக்கவோ விரும்பும் மென்பொருள் பயனாளரிடம் அனுமதி பெற வேண்டும்.

ஆக, காவலாளியின் பொறுப்பில் ஒரு பகுதி இப்போது பயனாளரின் கைக்கு வந்திருக்கிறது. அனுமதி கேட்டு ஒரு பெட்டி தோன்றும்போது, படிக்காமலேயே 'சரி' என்று அழுத்தும் பழக்கம் பழைய அமைப்பின் பலவீனத்தை மீண்டும் கொண்டு வந்துவிடும்.

என்ன செய்யலாம்?

இயங்குதளத்தின் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமதமின்றி நிறுவுவதே முதல் தற்காப்பு. விண்டோஸ் 10 க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. அதில் தொடர்ந்து இருப்பவர்கள் நீட்டிக்கப்பட்ட ஆதரவைப் பெறவோ, வேறு இயங்குதளத்துக்கு மாறவோ வேண்டியுள்ளது.

லினக்ஸ் பயன்படுத்துபவர்கள், தங்கள் அமர்வு எக்ஸ் வழியாகவா வேலண்ட் வழியாகவா இயங்குகிறது என்று அமைப்பு விவரங்களில் பார்த்துக் கொள்ளலாம். அன்றாடப் பணிகளை நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கில் செய்வது, எந்த இயங்குதளமானாலும், சேதத்தின் அளவைக் குறைக்கும்.

தமிழ் விசைப்பலகையைப் பொறுத்தவரை, விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆகிய எல்லாவற்றிலும் தமிழ் உள்ளீட்டு வசதி இப்போது கிடைக்கிறது. இயங்குதளத்துடனேயே வரும் வசதி போதுமானதாக இருந்தால் அதுவே பாதுகாப்பானது. தனியாக நிறுவுவதானால், உருவாக்கியவரின் சொந்தத் தளத்தில் இருந்தே பெற வேண்டும். யாரோ அனுப்பிய பிரதியை நிறுவுவது, தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைப்பதற்குச் சமமாகலாம்.

ஊடகவியலாளர்கள், மனித உரிமைப் பணியாளர்கள் போன்றோருக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகமாகப் பொருந்தும். செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து அனுப்புவதால் மட்டும் பயனில்லை. குறியாக்கம் செய்யப்படுவதற்கு முன்னர், அந்தச் செய்தி திரையில் எழுத்தாக நிற்கிறது. திரையைப் பார்க்க முடிந்தவருக்குப் பூட்டை உடைக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆக்லாந்தில் 2003 இல் ஒருவர் சுட்டிக்காட்டியதும், 2015 இல் அதே நகரில் விவாதிக்கப்பட்டதும் அடிப்படையில் ஒன்றுடன் ஒன்று தொடர்புடையவை. தனித்தனிப் பிழைகளைத் திருத்திவிடலாம். ஆனால் ஒரே திரையில் இருப்பவர்கள் அனைவரும் நண்பர்களே என்ற அனுமானத்தின் மீது எழுப்பப்பட்ட அமைப்பை மாற்ற விண்டோஸுக்குப் பல ஆண்டுகளும், லினக்ஸுக்கு ஒரு தலைமுறைக் காலமும் தேவைப்பட்டன.

அந்த மாற்றம் இன்னும் முடிவடையவில்லை. அதுவரை, தம் திரையில் யாருக்கு இடம் தருவது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு, விசைப்பலகையின் முன்னால் அமர்ந்திருப்பவருக்கும் இருக்கிறது.